திருமறையும் சட்ட ஆலோசனையும்: கேள்வி பதில்

சட்டத் தொழிலில் இருந்துகொண்டே திருமறை வகுப்புகளும் எடுப்பவன் என்பதால் வந்த கேள்விகளில், ஒன்றோடொன்று தொடர்புள்ளவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். சட்டம் நாட்டுக்கு நாடு மாறுவதால், எவருடைய தனி வழக்கைப் பற்றியும் இங்கே கருத்துச் சொல்லவில்லை.

கேள்வி: ஐயா, விசுவாசிகள் தங்களுக்குள் வழக்காடுவதை 1 கொரிந்தியர் 6-ஆம் அதிகாரத்தில் பவுல் கண்டிக்கிறார். அப்படியானால், சக விசுவாசிக்கு எதிராக வழக்குத் தொடுக்க வருகிறவரைக் கிறிஸ்தவ வழக்குரைஞர் திருப்பி அனுப்பிவிட வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. அற்பக் காரியங்களுக்குக்கூடச் சகோதரனை மன்றத்துக்கு இழுத்ததையும், அவற்றைத் தீர்த்துவைக்கச் சபைக்குள் ஒரு விவேகிகூட இல்லாமற்போன வெட்கத்தையுமே பவுல் அங்கே கடிந்துகொள்கிறார். அதே பவுல், பிலிப்பியில் தம்மை விசாரணையின்றி அடித்த அதிகாரிகளே நேரில் வந்து விடுவிக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். எருசலேமில் சாட்டையடிக்காகக் கட்டப்பட்டபோது தமது ரோமக் குடியுரிமையை எடுத்துச் சொன்னார். ரோம ஆளுநர் பெஸ்துவின் முன் நின்றபோது இராயனுக்கு, அதாவது ரோமப் பேரரசருக்கு, மேல்முறையீடு செய்தார். இவற்றில் எதிர்த்தரப்பு விசுவாசிகள் அல்லர் என்று நீங்கள் மறுக்கலாம். அந்த மறுப்பு நியாயமானதே. ஆனாலும், சட்டம் தரும் உரிமையைக் கேட்பது விசுவாசக் குறைவு ஆகாது என்பதற்கு இவை போதும்.

“ஏன் அநியாயத்தைச் சகித்துக்கொள்ளக் கூடாது?” என்ற பொருள்பட வரும் 7-ஆம் வசனம், உரிமையை இழந்தவனைப் பார்த்துக் கேட்கப்படும் கேள்வி. ஆலோசனை சொல்பவர் அதற்கு அவனுக்குப் பதிலாக விடையளிக்க முடியாது. தனக்கு என்ன உரிமை இருக்கிறது, அதை நிலைநாட்ட எவ்வளவு செலவும் காலமும் ஆகும், எந்தத் தேதிக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும் என்பதையெல்லாம் அறிந்த பிறகே ஒருவன் அதை மனமுவந்து விட்டுக்கொடுக்க முடியும். அறியாமல் விட்டதற்குப் பெயர் சகிப்பு அல்ல, இழப்பு. சபைப் பெரியவர்கள் சமரசம் பேசுகிறார்கள் என்பதற்காகப் பெரும்பாலான சட்டமுறைகளில் காலவரம்பு தானாக நின்றுவிடுவதில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: குடும்பத்தில் அடிபட்டு வழக்குக் கொடுத்திருக்கும் ஒரு சகோதரியிடம், மத்தேயு 18-ஐக் காட்டிப் புகாரைத் திரும்பப் பெறச் சொல்லுமாறு எங்கள் மூப்பர் என்னைக் கேட்டுக்கொண்டார். நான் வழக்குரைஞர். என்ன செய்வது?

பதில்: மறுத்துவிடுங்கள். மூப்பருக்காகப் பேசும் உங்களை அந்தச் சகோதரி தமக்கு ஆலோசனை சொல்ல வந்தவர் என்று நம்புவார். அந்த நம்பிக்கையைப் பயன்படுத்திக்கொள்வதே முதல் தவறு. இப்படி நலன்கள் மோதும் இருவருக்கும் ஒரே நேரத்தில் ஆலோசகராக இருக்கத் தொழில் ஒழுக்கம் பொதுவாக இடம் தராது. புகார்தாரரைப் பின்வாங்கச் செய்ய அழுத்தம் கொடுப்பது பல நாடுகளில் தனிக் குற்றமாகவும் ஆகும்.

மத்தேயு 18-ஐயும் முழுவதும் படிக்க வேண்டும். குற்றம் செய்த சகோதரனிடம் தனியே பேசுவதில் தொடங்கும் அந்த ஒழுங்கு, கேளாதபோது சாட்சிகளிடமும் பிறகு சபையிடமும் செல்கிறது. காரியத்தை மேலும் மேலும் வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறதேயன்றி மூடி மறைக்கச் சொல்லவில்லை. சுமக்க அரிய சுமைகளைப் பிறர்மேல் ஏற்றிவிட்டுத் தாங்கள் ஒரு விரலாலும் தொடாத நியாயசாஸ்திரிகளை, அதாவது அக்காலச் சட்ட அறிஞர்களை, இயேசு கடிந்துகொண்ட லூக்கா 11:46-ஐ மூப்பருக்குக் காட்டலாம். எனக்கென்னவோ, அதை அவருக்கு முன்பாக நாம் நமக்கே வாசித்துக்கொள்வது நல்லது.

கேள்வி: சட்டம் படித்தேன், தொழில் செய்யவில்லை. ஆராதனை முடிந்ததும் பலர் சொத்து, உயில் பற்றிக் கேட்கிறார்கள். பதில் சொல்லலாமா?

பதில்: சட்டம் பொதுவாக என்ன சொல்கிறது என்று விளக்கலாம். “உங்கள் உயிலில் இப்படி எழுதுங்கள்” என்று தொடங்கினால் அது ஆலோசனை. உரிமம் இல்லாதவர் அதைத் தருவதைப் பல நாடுகள் தடை செய்கின்றன. இலவசமாகச் சொன்னீர்கள் என்பதால் பொறுப்பு குறைந்துவிடும் என்று எண்ண வேண்டாம். உங்கள் சொல்லை நம்பி ஒருவர் நடந்து நட்டப்பட்டால், கேட்கப்படும் கேள்வி கட்டணத்தைப் பற்றியதாக இராது. மேலும், கேட்பவர் ஒரு பக்கத்தை மட்டுமே சொல்கிறார். முதலில் பேசுகிறவன் நீதிமான்போலத் தோன்றுவான், அயலான் வந்து அவனைச் சோதிப்பான் என்கிறது நீதிமொழிகள் 18:17.

கேள்வி: கட்சிக்காரர் பக்கம் நியாயம் இல்லை என்று பாதி வழக்கில் தெரிந்தால்?

பதில்: 13-ஆம் நூற்றாண்டிலேயே இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இதை ஆராய்ந்தார். தீராத நோயாளியை ஏற்கும் மருத்துவர் எவருக்கும் தீங்கு செய்வதில்லை, ஆனால் அநியாய வழக்கை அறிந்தே ஏற்கும் வழக்குரைஞர் எதிர்த்தரப்புக்குத் தீங்கு செய்கிறார் என்று அவர் வேறுபடுத்தினார். நடுவில் தெரியவந்தால், கட்சிக்காரரின் இரகசியங்களை வெளியிடாமலும் எதிர்த்தரப்புக்கு உதவாமலும், வழக்குரைஞர் விலகிக்கொள்ள வேண்டும், அல்லது வழக்கை விட்டுக்கொடுக்கவோ சமரசத்துக்கோ கட்சிக்காரரை இணங்கவைக்க வேண்டும் என்பது அக்குவினாஸின் தீர்வு. இன்றைய விதிகள் இதற்கு வெகுதொலைவில் இல்லை. விலகுவதற்கு நீதிமன்ற அனுமதி தேவைப்படலாம், அவ்வளவே.

குற்றவியல் வழக்கு வேறு. அங்கே குற்றம் சாட்டுகிறவரின் நிரூபணத்தைச் சோதிப்பதே எதிர்வாதியின் வழக்குரைஞருக்குரிய பணி. ஒருவன் சொல்வதைக் கேளாமல் நம் சட்டம் அவனைத் தீர்க்குமா என்று யோவான் 7:51-இல் நிக்கொதேமு கேட்டது இதைத்தான். ஆனால் பொய்ச் சாட்சியைக் கூண்டில் ஏற்ற அது அனுமதி அன்று.

கேள்வி: நீதிமன்ற வாதத்தில் வேதவசனங்களை மேற்கோள் காட்டலாமா?

பதில்: நீதிபதி கட்டுப்பட்டிருப்பது நாட்டின் சட்டத்துக்கு, ஆகவே வசனம் அங்கே முன்தீர்ப்புக்கு, அதாவது முந்தைய வழக்குகளில் வந்த தீர்ப்புக்கு, ஈடாகாது. பவுல்மேல் குற்றம் சாட்டிய யூதத் தலைவர்களுக்காக ரோம ஆளுநர் பேலிக்ஸின் முன் வாதாடிய தெர்த்துல்லு முகத்துதியோடு தொடங்கினான். பவுலோ தாம் எருசலேமுக்கு வந்து பன்னிரண்டு நாள்களே ஆயின என்றும், சாட்டியவற்றை அவர்களால் நிரூபிக்க முடியாது என்றும், தம்மை முதலில் கண்ட ஆசியா நாட்டு யூதர்கள் வந்து குற்றம் சாட்டவில்லை என்றும் ஆதாரத்தைப் பற்றியே வாதாடினார். தீர்க்கதரிசிகளை வாதத்தின் மையத்துக்குக் கொண்டுவந்தது, யூத வழக்கங்களை நன்கறிந்த அரசன் அகிரிப்பாவின் முன்னே.