ஸ்டியரிங் தண்டில் ஆட்டம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: 1969ஆம் ஆண்டில் தயாரான ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஒன்றைச் சீர்செய்து வருகிறேன். ஸ்டியரிங் வீல் கழலாமல் இறுகியிருந்ததால், தண்டின் நுனியில் மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் நான்கைந்து முறை ஓங்கி அடித்தேன். வீல் கழன்றது. ஆனால் திரும்ப மாட்டிய பின் அதை இழுத்துத் தள்ளினால் முன்னும் பின்னும் ஆடுகிறது. அடிப்பகுதியிலிருந்து வெள்ளைப் பிளாஸ்டிக் துணுக்குகளும் உதிர்ந்தன. வெல்டிங் வைத்தால் ஆட்டம் நின்றுவிடும் என்கிறார் மெக்கானிக். அப்படிச் செய்யலாமா?

பதில்: வெல்டிங் வேண்டவே வேண்டாம். சரிசெய்யும்வரை அந்தக் காரைச் சாலையில் எடுக்கவும் வேண்டாம்.

ஜெனரல் மோட்டார்ஸ் தன் 1967ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து, மோதலின்போது சுருங்கும் ஸ்டியரிங் தண்டைப் பொருத்தத் தொடங்கியது. 1968 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கப் பாதுகாப்பு விதியும், மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் கார் சுவரில் மோதும்போது தண்டின் மேல்முனை ஓட்டுநரை நோக்கி 127 மில்லிமீட்டருக்கு மேல் பின்தள்ளப்படக் கூடாது என்று வரம்பு விதித்தது. இதற்காக உள்தண்டை மேல் பாதி, கீழ் பாதி என இரண்டாகச் செய்து, ஒன்றினுள் ஒன்றைச் செருகி, உருக்கிய பிளாஸ்டிக்கைத் துளைகள் வழியே செலுத்தி உறைய வைத்திருப்பார்கள். அந்தப் பிளாஸ்டிக் முளைகள்தாம் தண்டின் நீளத்தை நிலைநிறுத்துகின்றன. பெரிய மோதலில் முறிய வேண்டிய அந்த முளைகள் உங்கள் சுத்தியல் அடியிலேயே முறிந்துவிட்டன. உதிர்ந்த வெள்ளைத் துணுக்குகள் அவற்றின் மிச்சமே.

இரு பாதிகளும் ஒன்றையொன்று பற்றியிருக்கும் இடம் தட்டையான பக்கங்களைக் கொண்டது என்பதால், முளை முறிந்த பின்னும் வீலைத் திருப்பினால் சக்கரம் திரும்பும். பழுது சிறியது என்று பலரும் ஏமாறுவது இதனால்தான். வெல்டிங் வைத்தால் ஆட்டம் நிற்கும் என்பது உண்மை. ஆனால் சுருங்க வேண்டிய தண்டு, ஓட்டுநரின் நெஞ்சுக்கு நேராக நீட்டிய இரும்பு ஈட்டியாகிவிடும். ஓர் உயிரைக் காப்பதற்காகச் செய்த அமைப்பை ஆட்டத்தை நிறுத்துவதற்காக அழிப்பதை என்னால் ஏற்க முடியாது.

அடுத்து, உள்தண்டைச் சுற்றியிருக்கும் வெளிக்குழாயைப் பாருங்கள். உங்கள் காரில் அது வலைபோலத் துளையிட்டதாக இருக்கலாம், அல்லது இரு குழாய்களுக்கு இடையே சிறு எஃகுக் குண்டுகள் வைத்ததாக இருக்கலாம். வலை உப்பியிருந்தாலோ, குழாயின் நீளம் அந்த மாடலின் பழுதுபார்ப்புக் கையேட்டில் உள்ள அளவைவிடக் குறைந்திருந்தாலோ, குழாயும் சுருங்கிவிட்டது என்று பொருள். இழுத்து நீட்டி மறுபடி பயன்படுத்த முடியாது. டாஷ்போர்டின் அடியில் தண்டைத் தாங்கும் பட்டையில், மோதலின்போது நழுவிக் கழல்வதற்கான சிறு வில்லைகள் இருக்கும். அவை தம் இடத்தில் முழுமையாக அமர்ந்திருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். குழாய் நலமாக இருந்தால் உள்தண்டை மட்டும் மாற்றினால் போதும். இல்லையெனில் அதே ஆண்டு, அதே மாடல், அதே கியர் அமைப்புக்கு உரிய முழுத் தொகுதியையே தேடிப் பொருத்துங்கள். பழைய போல்ட்டுகளுக்குப் பதிலாக நீளமானவற்றைப் போடாதீர்கள்; நீளம் கூடிய ஒரே ஒரு போல்ட்கூடத் தண்டு சுருங்குவதைத் தடுத்துவிடக்கூடும்.

இனிமேல் வீலைக் கழற்றப் புல்லர் என்னும் இழுப்புக் கருவியைப் பயன்படுத்துங்கள். அதன் இரு போல்ட்டுகள் வீலின் நடுப்பகுதியைப் பிடித்து இழுக்க, நடுத் திருகு தண்டின் நுனியை அழுத்தும். விசை முழுவதும் வீலுக்கும் நுனிக்கும் இடையிலேயே தீர்ந்துவிடுவதால் கீழே உள்ள முளைகளுக்குப் போகாது. நட்டை முழுவதும் கழற்றாமல் கடைசி இரண்டு மூன்று மரைகளில் விட்டுவையுங்கள். வீல் திடீரென விடுபட்டாலும் முகத்தில் வந்து மோதாது.

கேள்வி: என் கார் 1950களில் தயாரானது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஒவ்வொரு சுற்றிலும் ஓர் இடத்தில் இறுகுகிறது. தண்டு வளைந்திருக்குமா? வளைந்திருந்தால் நிமிர்த்தலாமா?

பதில்: முன்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்திவிட்டு, இறுக்கம் சுற்றுக்கு எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். சுற்றுக்கு ஒரு முறை என்றால் தண்டு வளைந்திருக்க வாய்ப்பு மிகுதி. சுற்றுக்கு இரு முறை என்றால், உங்கள் காரில் கிராஸ் ஜாயிண்ட் (கோணத்தில் இருக்கும் இரு தண்டுகளை இணைக்கும் மூட்டு) இருக்கும் பட்சத்தில், அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்: துருவேறி இறுகியிருக்கும், அல்லது இரண்டு ஜாயிண்ட்டுகளையும் ஒன்றுக்கொன்று சரியான கோணத்தில் வைக்காமல் மாட்டியிருப்பார்கள். வீலை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்பும்போது நேர்நிலையில் மட்டும் ஒரே முறை லேசான இறுக்கம் தெரிந்தால் கவலை வேண்டாம். பல ஸ்டியரிங் பெட்டிகளை அப்படித்தான் சரிப்படுத்துகிறார்கள்.

திருப்பும் தூரம் முழுவதும் ஒரே சீராகக் கனமாக இருந்தால், டாஷ்போர்டில் தண்டின் வெளிக்குழாயைப் பிடித்திருக்கும் கிளாம்பைத் தளர்த்திப் பாருங்கள். தளர்த்தியதும் குழாய் ஒரு பக்கம் துள்ளி விலகினால், அதுவரை அதை வலிந்து இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். அது தானாக நிற்கும் இடத்திலேயே கிளாம்பை அமைத்தால் பாரம் குறைந்துவிடும். மேல்முனையில் தண்டைத் தாங்கும் கம்பளிப் புஷ் (வளையம்) இருந்தால், புதியதை எண்ணெயில் நன்கு ஊறவைத்த பிறகே மாட்டுங்கள்.

வளைவை உறுதிசெய்ய, தண்டைக் கழற்றி இரண்டு வி வடிவத் தாங்கிகளின் மேல் கிடத்தி, நடுவில் டயல் கேஜை (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவுமானி) வைத்து மெதுவாக உருட்ட வேண்டும். முள் ஊசலாடினால் வளைவு உண்டு. குளிர்நிலையில் நிமிர்த்தித் தருவதற்குப் பட்டறைகள் இருக்கின்றன. ஆனால் ஒரு முறை வளைந்து நிமிர்ந்த எஃகில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒளிந்திருக்கக்கூடும். சூடேற்றி நிமிர்த்தினாலோ அதன் கடினத்தன்மையே மாறிவிடும். அந்தக் காலக் கார்கள் பலவற்றில் ஸ்டியரிங் பெட்டியின் புழுப்பல்லும் (திருகு வடிவப் பற்சக்கரம்) தண்டும் ஒரே துண்டாக இருப்பதால் மாற்றுத் தண்டு எளிதில் கிடைக்காது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் சில மாதங்கள் காத்திருந்து நல்ல தண்டாகப் பொருத்துங்கள் என்றே சொல்வேன்.

கேள்வி: தண்டின் கீழ்முனையைப் பிடிக்கும் கிளாம்பின் போல்ட் மரை கெட்டுவிட்டது. கையில் இருக்கும் போல்ட் ஒன்றைப் போடலாமா?

பதில்: கூடாது. தண்டில் வெட்டியிருக்கும் பள்ளத்தின் குறுக்கே அந்தப் போல்ட் செல்வதால், சற்றுத் தளர்ந்தாலும் தண்டு உருவிக்கொள்ளாமல் அதுவே தடுக்கிறது. எனவே போல்ட்டின் விட்டமும், அதன் மரையற்ற பகுதியின் நீளமும், வலிமைத் தரமும் தயாரிப்பாளர் குறித்தபடியே இருக்க வேண்டும். தலையில் 8.8 என்று பொறித்த போல்ட்டின் இழுவலிமை 800 மெகாபாஸ்கல். எந்தக் குறியும் இல்லாத போல்ட்டை நம்ப வழியில்லை. மாட்டுவதற்கு முன், தண்டும் கிளாம்பும் ஒன்றையொன்று பற்றும் பல்வரிகளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். செந்தூள் படிந்து, பற்களின் முனை மழுங்கியிருந்தால், போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் ஆட்டம் திரும்ப வரும். கிளாம்பையும் தண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும்.