உவர்மலையில் இறங்கிப் பழகுங்கள், பிறகு ரிவர்ஸ்டன் போகலாம்

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன், வயது 34. கிழமையில் நாலு நாள் விடிய எழும்பிக் கடற்கரையிலும் நிலாவெளி வீதியிலும் ஓடுவேன். ஆகக் கூடினது 12 கிலோமீற்றர் ஓடியிருக்கிறேன். பெப்ரவரி கடைசியில் அண்ணா குடும்பத்தோடு மாத்தளை ரிவர்ஸ்டன் பக்கம் போகிறோம். இன்னும் இரண்டரை மாதம் இருக்கிறது. நீர்வீழ்ச்சிகள் உள்ள மலைப்பாதையில் ஒருநாளாவது ஓட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அங்கே எந்தப் பாதையில் ஓடலாம்? கடற்கரையில் இருந்துகொண்டு அதற்கு எப்படித் தயாராவது?

பதில்: 12 கிலோமீற்றர் ஓடுகிறவருக்கு ரிவர்ஸ்டன் ஏற்றம் பெரிய பாடாக இராது, தங்கச்சி. மூச்சு வாங்கினால் நடப்பீர்கள், அவ்வளவுதான். உங்களைப் படுத்தப்போவது இறக்கம். கடற்கரைப் பக்கத்து ஓட்டக்காரர்கள் மலைக்குப் போய் நோவோடு திரும்புவது பெரும்பாலும் இறக்கத்தால்தான். ஆகவே பாதையைப் பற்றிச் சொல்ல முதல் தொடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

ஏறும்போது தொடையின் முன்பக்கத் தசை சுருங்கி உடம்பை மேலே தள்ளுகிறது. இறங்கும்போது அதே தசை பாரத்தைத் தாங்கியபடியே நீள வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் அதுதான் பிரேக். சமதரையில் மட்டும் ஓடிய தசைக்கு இந்த வேலை பழக்கமில்லாததால் உள்ளே நுண்ணிய சேதம் ஏற்படும். ஓடுகிற நேரம் ஒன்றும் தெரியாது. அடுத்த நாள் லேசாக இறுகும். இரண்டாம், மூன்றாம் நாளில் படி இறங்கக் கைபிடி தேடுவீர்கள். ஆனால் தசை சீக்கிரம் பழகிவிடும். ஒருமுறை அளவாக இறக்கத்தில் ஓடிவிட்டால், அடுத்த சில கிழமைகளுக்கு அதே இறக்கம் முன்போல நோகாது. இதைப் பயன்படுத்திக்கொள்ளத்தான் உங்களுக்கு இரண்டரை மாதம் இருக்கிறது.

இறக்கத்துக்கு எங்கே போவது என்று யோசிக்க வேண்டாம். நம் நகரத்து உவர்மலை போதும். மேல் வீதிக்கும் கீழ் வீதிக்கும் இடையில் உள்ள சரிவுகளில், வாகனம் குறைந்த ஒன்றைத் தெரிந்தெடுங்கள். முதல் கிழமை நாலு தரம் மட்டும். நடந்து ஏறுங்கள், ஓடி இறங்குங்கள். ஒரு நிமிட இறக்கமே போதும். அடி குறுகலாக இருக்கட்டும். கால் உடம்புக்கு நேர் கீழே விழ வேண்டும். குதிக்காலை முன்னால் குத்தி நிறுத்தப் பார்த்தால் அதிர்ச்சி முழுவதும் முழங்காலுக்குப் போகும். உடம்பைப் பின்னால் சாய்க்காமல், சரிவோடு சேர்ந்து கொஞ்சம் முன்னே விடுங்கள். கைகள் அகலமாக இருந்தால் சமநிலை தானாக வரும். கண் காலடியைப் பார்க்கக்கூடாது, நாலைந்து அடி முன்னே இருக்க வேண்டும். கிழமைக்கு ஒருநாள் இதைச் செய்யுங்கள், ஒவ்வொரு கிழமையும் ஒன்றிரண்டு தரம் கூட்டுங்கள். பயணத்துக்குப் பத்துப் பதினாலு நாள் இருக்கும்போது கடைசியாக ஒருமுறை நன்றாக இறங்கி ஓடிவிட்டு, அதோடு நிறுத்திவிடுங்கள். மார்கழி மழை பெய்தால் வீட்டில் இருந்துவிட வேண்டாம். இடி மின்னல் இல்லாத நேரத்தில் நனைந்த தார் வீதியில் ஆறுதலாக இறங்கிப் பழகுவது பின்னுக்கு மிகவும் உதவும்.

பிரெட்றிக் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயிலுக்குப் போகும் வீதியும் ஏற்றம்தான். விடியப்புறம் புள்ளிமான்கள் வீதியோரமாகவே நிற்கும். வேகமாகக் கிட்டப் போனால் ஒன்று மிரண்டு குறுக்கே பாயும், பின்னாலே மற்றவையும் வரும். அவற்றைக் கண்டதும் நடைக்கு வந்துவிடுங்கள். கோயிலை நெருங்கும்போதும் ஓடாமல் நடந்து போவதே மரியாதை. வெள்ளிக்கிழமைகளிலும் திருவிழா நாட்களிலும் அந்தப் பக்கம் பயிற்சிக்குப் போகாமல் விடுவது நல்லது.

கடற்கரை மணல் கெண்டைக்காலுக்கு நல்ல வேலை கொடுக்கும். ஆனால் காய்ந்த மணலில் நெடுநேரம் ஓடினால் குதிக்காலுக்கு மேலே உள்ள தசைநாண் இழுபடும். பத்து நிமிடம் போதும், மிச்சத்தை ஈர மணலில் ஓடுங்கள். ஈர மணல் கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் விழும். போன தூரம் திரும்பி வந்தால் இரண்டு காலுக்கும் பங்கு சரியாகும். பல் தீட்டும்போது ஒற்றைக் காலில் நில்லுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் கல்லில் கால் பிரளும்போது கணுக்காலைக் காப்பாற்றுவது இந்தப் பழக்கம்.

கன்னியாவுக்கு அப்பால் பற்றைக்காடும் சின்னக் குன்றுகளும் இருக்கின்றனவே, அங்கே ஓடிப் பழகலாமே என்று சிலர் கேட்பார்கள். நான் வேண்டாம் என்றே சொல்வேன். மாவட்டத்தின் உட்புறக் காடுகளில் யானை நடமாட்டம் இருக்கிறது. யானை வெளியே வரும் விடியற்காலையும் பின்னேரமும்தான் நாம் ஓடத் தேடும் நேரம். போர் நடந்த நிலம் இது. மிதிவெடி எச்சரிக்கைப் பலகை கண்ட இடத்தையும் ஆள் நடமாட்டமில்லாத பழைய தடங்களையும் விட்டுவிடுங்கள். கடற்படை, விமானப்படை எல்லைக்குள் இருக்கும் அழகான மேடுகளும் நமக்கு இல்லை.

சரி, இனி ரிவர்ஸ்டன். நக்கிள்ஸ் மலைத்தொடரின் வடக்குப் பக்கத்தில், மாத்தளையிலிருந்து ரத்தோட்டை ஊடாக இலுக்கும்புர போகும் வீதியில் இருக்கிறது. நக்கிள்ஸ் 2010 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்த மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. இங்கே கடும் மழை கொண்டு வருவது வடகீழ்ப் பருவக்காற்று, நம்முடைய மழையேதான். அதனால் பெப்ரவரி கடைசி நல்ல தெரிவு. மழை விட்டிருக்கும், நீர்வீழ்ச்சிகளிலும் தண்ணீர் மிச்சம் இருக்கும். மார்ச் போகப் போகப் பின்னேரத்தில் இடிமழை தொடங்கும். அந்த மாதம் போவதானால் காலையிலேயே ஓடி முடிக்க வேண்டும்.

முதல் தடவைக்கு நான் சொல்லும் பாதை தார் வீதியேதான். காட்டுக்குள் போகும் ஒற்றையடிப் பாதை உங்களைக் கூப்பிடும் என்று தெரியும். ஆனால் வழிகாட்டி இல்லாமல், மூடுபனி இறங்கினால் திசை தெரியாத இடத்தில் முதல் ஓட்டம் ஓடுவது சரியில்லை. பிட்டவல பத்தன என்ற புல்வெளியடியில் வாகனத்தை விட்டுவிட்டு, அங்கிருந்து ரிவர்ஸ்டன் கணவாயை நோக்கி வீதியில் ஏறுங்கள். நாற்பது நிமிடம் ஏறியதும் எந்த இடமாக இருந்தாலும் திரும்புங்கள். மேலே தொடங்கிக் கீழே ஓடிவிட்டால், களைத்த பிறகு ஏறி வர வேண்டும். கீழே தொடங்கினால் திரும்பும் வழி முழுக்க இறக்கம், வாகனமும் அங்கேயே நிற்கும்.

கிலோமீற்றர் கணக்கை அன்றைக்கு மறந்துவிடுங்கள். மலையில் 100 மீற்றர் உயரம் ஏறுவது சமதரையில் ஒரு கிலோமீற்றர் கூட ஓடுவதற்குச் சமம் என்பது மலை ஓட்டக்காரர் வைத்திருக்கும் கணக்கு. 6 கிலோமீற்றரில் 300 மீற்றர் ஏறினால் உங்கள் காலுக்கு அது 9 கிலோமீற்றர். பேச முடியாத அளவுக்கு மூச்சு ஏறினால் நடங்கள். தொடையில் கையூன்றி வேகமாக நடப்பதும் இந்த ஓட்டத்தின் பகுதிதான். செங்குத்தான இடத்தில் நடப்பவரும் ஓடுபவரும் கிட்டத்தட்ட ஒன்றாகவே மேலே வந்து சேருவார்கள்.

வீதி ஒடுக்கம், வளைவு அதிகம். எதிரே வரும் வாகனம் தெரியும்படி வலது பக்கமாக ஓடுங்கள். கண்ணுக்கு மறைந்த வலது வளைவு வந்தால் முன்கூட்டியே மற்றப் பக்கம் மாறிவிடுங்கள். விடுமுறை நாட்களில் வான்கள் வரிசையாக வரும், ஆகவே கிழமை நாளாக இருந்தால் நல்லது. வெளிர் நிற மேற்சட்டை போடுங்கள்.

பிட்டவல பத்தன ஒரு சின்னப் புல்வெளி. ரிக்கெற் எடுத்து உள்ளே போக வேண்டும். ஒரு முனையில் நிலம் செங்குத்தாக அறுந்து விழுகிறது. அதைத்தான் சின்ன உலக முடிவு என்கிறார்கள். உள்ளே மெதுவோட்டமாகப் போய் வரலாம், ஆனால் மிதிபட்ட தடத்தை விட்டு விலக வேண்டாம். பாறைக்கு மேல் மண் மிகவும் மெல்லியது. புல்லில் ஒரு தரம் சப்பாத்து கிழித்த இடம் அடுத்த மழையில் கழுவுண்டு போகும். விளிம்புக்கு ஐம்பது மீற்றர் முன்பே நடைக்கு வந்துவிடுங்கள். அங்கே காற்று சொல்லாமல் தள்ளும்.

நீர்வீழ்ச்சிக்கு வருகிறேன். அந்தப் பக்கத்தில் சேர எல்ல இருக்கிறது. தண்ணீர் விழும் திரைக்குப் பின்னால் குகை போன்ற இடம், நின்று பார்க்கலாம். படி இறங்கிப் போக வேண்டும். அங்கே ஓட வேண்டாம், ஓட்டம் முடிந்த பிறகு நடந்து போங்கள். நீர்வீழ்ச்சியடிப் பாறையைக் கிட்டக் குனிந்து பார்த்தால் இரண்டு நிறம் தெரியும். வெளிப்பக்கம் சாம்பல் நிறம், கையால் தடவினால் சொரசொரக்கும். தூவானம் படும் உட்பக்கம் கறுத்துப் பச்சையாக இருக்கும், விரல் வைத்தால் வழுக்கும். அந்தப் படலத்தில் எந்த விலைச் சப்பாத்தும் பிடிக்காது. கறுப்பில் கால் வைக்காதீர்கள், சாம்பலில் நின்றுகொள்ளுங்கள். மேலே மலையில் மழை பெய்தால், நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் இருந்தாலும் தண்ணீர் திடீரென்று கூடும். தெளிந்த தண்ணீர் கலங்கத் தொடங்கினாலோ, இலை குச்சி அடித்து வந்தாலோ உடனே கரைக்கு ஏறுங்கள். பிள்ளைகள் கூட வருகிறார்கள் என்றால் இதை முதலே சொல்லிக்கொடுங்கள்.

சப்பாத்து புதிதாக வாங்க வேண்டியதில்லை. தார் வீதிக்கும் புல்வெளிக்கும் நீங்கள் இப்போது போடுவதே போதும், அடிப்பக்கம் தேய்ந்திருக்கக்கூடாது என்பதுதான் நிபந்தனை. பிறகு ஒற்றையடிப் பாதைக்கு வந்தால் அடிப்பக்கத்தில் 4, 5 மில்லிமீற்றர் பல் உள்ள சப்பாத்தைப் பாருங்கள். பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் இருக்க வேண்டும். கடைசித் துளைவரை நாடா இழுத்துக் கட்டினால் இறக்கத்தில் கால் முன்னே சறுக்கி நகம் கறுக்காது. நகத்தை இரண்டு நாள் முன்பே வெட்டிவிடுங்கள்.

ரிவர்ஸ்டன் கணவாய் கிட்டத்தட்ட 1,400 மீற்றர் உயரம். 1,000 மீற்றருக்கு ஆறு ஏழு பாகை என்று பார்த்தால் நம் ஊரைவிட ஒன்பது பாகை அளவு குளிர். காற்றும் சேரும். வியர்வை தெரியாததால் தாகமும் தெரியாது, ஆனாலும் அரை லீற்றர் தண்ணீர் கையில் இருக்கட்டும். இடுப்பில் கட்டக்கூடிய மெல்லிய காற்றுச்சட்டை ஒன்றும் தேவை. ஈரத் தரையில் அட்டை இருக்கும். சொக்ஸை மேலே இழுத்து, காய்ந்த சவர்க்காரம் தேய்த்துவிடுங்கள். சித்தாலேப என்ற மூலிகைக் களிம்பும் பூசுவார்கள். கடித்தால் பயமில்லை, கொஞ்ச நேரம் இரத்தம் வடியும்.

தனியாக ஓட வேண்டாம். அண்ணா ஓடாவிட்டாலும் வாகனத்தில் பின்னால் வரட்டும், அல்லது எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை அவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். மலைக்குள் போன் சிக்னல் எல்லா வளைவிலும் கிடைக்காது. கிடைக்கும் இடத்தில் அம்புலன்ஸுக்கு 1990. பாம்பு கடித்தால் வெட்டவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம், காலை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குத்தான்.

போகிற அன்றைக்கே ஓட நினைக்காதீர்கள். நாலைந்து மணித்தியாலம் வாகனத்தில் இருந்த கால் இறுகிப் போயிருக்கும். மாத்தளையிலோ ரத்தோட்டையிலோ இரவு தங்கி, விடிந்து வெளிச்சம் வந்த பிறகு தொடங்குங்கள். திரும்பும்போது ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் இருட்டில் அகப்படாதபடி நேரத்தோடு புறப்படுங்கள். பொழுதுபட்டால் அந்த வீதியில் யானை நிற்கும்.