ஹனோய் மேல வந்த மையல் – ஊர்சுத்திகளின் கேள்வி பதில்

கேள்வி: தனியா ஒரு பேக்க மாட்டிக்கிட்டு வியட்நாம் போனேன். ஹனோய்ல ரெண்டு ராத்திரி தங்கிட்டு சாப்பா மலைக்கும் ஹா லாங் வளைகுடாவுக்கும் கிளம்புறதுதான் ப்ளான். ஆனா அந்த ஊரோட பழைய பகுதியான ஓல்ட் குவார்ட்டர்ல இறங்கின அன்னிக்கே என்னமோ ஆயிடுச்சு, சாப்பா பஸ்ஸ கேன்சல் பண்ணிட்டு லீவு முடியுற வரைக்கும் அங்கயே தெருத்தெருவா நடந்துக்கிட்டு இருந்தேன். ஊருக்கு வந்தா ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் "அவ்ளோ தூரம் போய் ஒண்ணுமே பாக்கலையா"ன்னு சிரிக்கிறாங்க. வேலைய விட்டுட்டு கொஞ்ச மாசம் அங்க போய் இருந்தா என்னன்னு வேற தோணுது. இது நிஜமான பிரியமா, இல்ல லீவு மயக்கமா?
– திருச்சி வாசகி

பதில்: மொதல்ல அந்த ஃப்ரெண்ட்ஸ் பேச்ச காதுல போட்டுக்காதீங்க. ஹா லாங் வளைகுடால படகுல உக்காந்து பாறைய போட்டோ எடுக்காம வந்ததுல உங்களுக்கு ஒண்ணும் குறைஞ்சிடல.

உங்களுக்கு ஏன் பிடிச்சதுன்னு எனக்குத் தோணுறத சொல்றேன். அந்தப் பழைய தெருவுல வீடுங்களோட முகப்பு மூணு மீட்டர் தேறுனா பெருசு, ஆனா உள்ள ரயில் பெட்டி கோத்த மாதிரி நீண்டுக்கிட்டே போகும், குழாய் வீடுன்னே அதுக்குப் பேரு. எல்லாருக்கும் தெரு பாத்து ஒரு கடை வேணும்னு அடிச்சுக்கிட்டதுல வந்த அளவு அது. அந்த ஒரே வீட்டுக்குள்ள பல குடும்பம் இருக்கும், அதனால சமைக்கிறது, பாத்திரம் கழுவுறது, முடி வெட்டுறது, ஊர்க்கதை எல்லாமே பிளாட்பாரத்துக்கு வந்துடும். 1986ல 'தோய் மோய்'ன்னு பொருளாதாரத்த திறந்து விட்டாங்க இல்லையா, அதுக்கு முன்னாடி அரிசிக்கே கூப்பன், தனியார் வியாபாரத்துக்கு ஏகப்பட்ட கட்டுப்பாடு. திறந்து விட்டதும் வாசல் இருந்தவன் எல்லாம் கடை போட்டுட்டான். ஒரு அடுப்பு, நாலு குட்டி ப்ளாஸ்டிக் ஸ்டூல், அவ்ளோதான் முதலீடு. அந்த ஸ்டூல்ல உக்காந்தீங்கன்னா உங்க முழங்கால் பக்கத்து ஆள் முழங்கால்ல இடிக்கும், அந்த ஆள் பேங்க் மேனேஜரா இருக்கலாம், பைக் டாக்ஸிக்காரரா இருக்கலாம், ரெண்டு பேர் முன்னாடியும் அதே ஃபோ (நூடுல்ஸ் சூப்) கிண்ணம்தான். வேற பெரிய ஊர்ல உள்ளூர்க்காரங்க வாழ்க்கை கதவுக்கு அந்தப்பக்கம் நடக்கும், ஹனோய்ல அது ரோட்டுலயே நடக்குது. அதுல ஒரு ஸ்டூல் உங்களுக்கும் கிடைச்சிருக்கு. இதப் போய் மயக்கம்னு சொல்ல எனக்கு மனசு வரல.

தெருவுக்குத் தெரு தொழில் வேற. ஹாங் தியெக்ல தகரத்த தட்டுற சத்தம், லான் ஓங்ல நாட்டு மருந்து வாசம், ஹாங் மாவுல செத்துப்போன முன்னோருக்கு எரிச்சு அனுப்ப காகிதத்துல சட்டை, வீடு, ஏன் செல்போன் கூட விப்பாங்க! முட்டை காபி குடிச்சிருப்பீங்க. 1946ல பால் தட்டுப்பாடு வந்தப்போ மெட்ரோபோல் ஹோட்டல்ல வேலை பாத்த ஒருத்தர் பாலுக்குப் பதிலா மஞ்சக்கருவ நுரைக்க அடிச்சு ஊத்தினாராம், அவர் குடும்பத்து கடை இன்னிக்கும் ஓடுது. லாங் பியென் பாலத்துல நடந்தீங்களா? 1902ல பிரெஞ்சுக்காரன் கட்டினது, அமெரிக்கா குண்டு போட்டுப் போட்டு உடைச்சது, ஒட்டுப்போட்டு இன்னும் ரயில் போகுது. நாடு பூரா ரோட்டுல வலது பக்கம் போறவங்க அந்தப் பாலத்துல மட்டும் நம்மள மாதிரி இடது பக்கம் போவாங்க, எனக்கு அங்க ரொம்ப பிடிச்சதே இந்தக் கிறுக்குத்தனம்தான்.

சரி, போய் இருக்கலாமான்னா, தாராளமா போங்க, ஆனா இப்பவே வேலைய விட வேணாம். 2023 ஆகஸ்ட்லேர்ந்து ஈ-விசா 90 நாளைக்கு தர்றாங்க, ஒரு தடவை நுழைய 25 டாலர். லாங் லீவு கேட்டுப் பாருங்க. ஜனவரி பிப்ரவரில போங்க, வேணும்னேதான் சொல்றேன். அப்போ அடிக்கடி தூறும், வெயில் அதிகமா தலை காட்டாது, துணி சீக்கிரம் காயாது, காத்து வேற படு மோசமா இருக்கும். ரூம் ஓல்ட் குவார்ட்டர்ல எடுக்காதீங்க, தள்ளி எங்கயாவது குடும்பம் குட்டி இருக்கிற சந்துல எடுங்க. கெட்ட சீசன்லயும் கால் அந்த ஸ்டூல தேடிப் போச்சுன்னா அப்புறம் வேலைய பத்தி யோசிக்கலாம்.

இன்னொண்ணு, அந்த ஸ்டூலும் அப்படியே இருக்கும்னு நம்பிடாதீங்க. பிளாட்பாரத்த காலி பண்றோம்னு அப்பப்போ போலீஸ் வண்டி வரும், வந்ததும் மொத்த கடையும் ஸ்டூலோட வீட்டுக்குள்ள ஓடிடும், போனதும் வெளிய வந்துடும். நமக்கு வேடிக்கையா இருக்கும், அந்தக் கடைக்கார அக்கா பொழப்பு அதுலதான் ஓடுது. அதுக்கு மேல, 2026 ஜூலைலேர்ந்து ஊர் நடுவுல பெட்ரோல் பைக் கூடாதுன்னு 2025ல பிரதமர் உத்தரவு வேற போட்டாரு. புகை குறைஞ்சா நல்லதுதான், வேணாம்னு யாரு சொல்லுவா. ஆனா பைக்க வச்சே சோறு திங்கிற டெலிவரி பசங்களுக்கு புது எலெக்ட்ரிக் வண்டி வாங்க காசு எங்கேர்ந்து வரும்? ஊர் மேல பிரியம் வச்சா இதெல்லாமும் உங்க கவலை ஆயிடும்.

கேள்வி: நாங்க சுத்த சைவம். ஹனோய் போனா பட்டினிதானா?
– மதுரை வாசகர்

பதில்: இல்ல, ஆனா உஷாரா இருக்கணும். "காய் மட்டும் போடுங்க"ன்னா காயத்தான் போடுவாங்க, மேல மீன் சாஸ் ஊத்தி! சைவத்துக்கு 'சை' (chay)ன்னு ஒரு வார்த்தை இருக்கு, அத போன்ல அவங்க எழுத்துல வச்சு காட்டுங்க, உங்க உச்சரிப்ப நம்பாதீங்க. அமாவாசை பௌர்ணமி ஒட்டி அங்க பௌத்தர்கள் நிறைய பேர் சைவம் சாப்பிடுவாங்க, அன்னிக்கு சைவக் கடைல கூட்டம் அள்ளும், நேரத்தோட போயிடுங்க.

கேள்வி: வீடியோல பாத்தா பைக் வெள்ளமா போகுது, எப்படி சார் ரோட்ட கிராஸ் பண்றது?
– சேலம் வாசகர்

பதில்: மெதுவா, ஒரே வேகத்துல நடங்க. பைக் ஓட்டுறவங்க உங்க நடைய கணக்கு பண்ணி ஒதுங்கிப் போவாங்க. பாதில நின்னுட்டாலோ, பயந்து பின்னாடி வந்தாலோ, நம்ம ஊரு பழக்கத்துல ஓட்டம் எடுத்தாலோ அந்தக் கணக்கு தப்பிடும். காரும் பஸ்ஸும் வந்தா மட்டும் வீரம் காட்டாதீங்க, நின்னு விட்டுடுங்க. இன்னும் பயமா இருந்தா உள்ளூர் பாட்டி யாராவது கிராஸ் பண்ற வரைக்கும் காத்திருந்து ஒட்டிக்கிட்டே போயிடுங்க.

கேள்வி: அங்க பணம் லட்சக்கணக்குல இருக்குமாமே, ஏமாறாம இருக்க ஒரு டிப்ஸ்?
– கோவை வாசகி

பதில்: 20,000 டோங் நோட்டும் நீலம், 5 லட்சம் டோங் நோட்டும் நீலம். மொதலாவது நம்ம காசுக்கு ஏறக்குறைய எழுபது ரூபா, ரெண்டாவது ஆயிரத்தி அறுநூறுக்கு மேல. ராத்திரி இருட்டுல டாக்ஸிக்கு காசு குடுக்குறப்போதான் மாத்தி நீட்டிடுவோம். பெரிய நோட்ட வேற பாக்கெட்ல வச்சுக்கங்க.