வீட்டின் மேல் இன்னொரு கடன் வேண்டாம்

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து போன வாரம் ஒரு தாயும் தகப்பனும் மெட்ரிக் (12-ஆம் வகுப்பு) படிக்கும் மகனைக் கூட்டிக்கொண்டு, மேற்படிப்புக்கு ஆலோசனை கேட்டு என்னிடம் வந்தார்கள். டர்பனில் நடந்த ஒரு ராக் கிட்டார் கச்சேரிக்குப் பையன் போயிருக்கிறான். பாடகர் கிடையாது, முழுக்க முழுக்க கிட்டார்தான். அன்றிலிருந்து மருத்துவம் வேண்டாம் என்கிறான். இங்கே இடம் கிடைக்காவிட்டால் வெளிநாட்டுக்கு அனுப்பு, வீட்டின் மேல் இரண்டாவது பாண்ட், அதாவது அடமானக் கடன், எடு என்று பெரியப்பா சொல்கிறாராம். இதைச் சொல்லும்போதே அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

கொஞ்ச நேரம் ஆறுதல் சொன்னேன். பாண்ட் என்ற சொல் வந்ததும் ஆறுதலை நிறுத்திவிட்டேன். வெளிநாட்டில் பட்டம் வாங்கி வந்தாலும் இங்கே தென்னாப்பிரிக்காவில் மருத்துவக் கவுன்சிலின் தேர்வை எழுதியாக வேண்டும். பிறகு 2 ஆண்டு பயிற்சி, 1 ஆண்டு சமூக சேவை. மனம் ஒட்டாத பிள்ளை இதில் எந்தப் படியிலும் நின்றுவிடலாம். அப்போதும் வீட்டுக்கடனுக்கு மாதாமாதம் கட்டத்தான் வேண்டும். பெரியப்பா வந்து கட்டுவாரா?

பையனிடம் கேட்டேன்: "கச்சேரியில் என்ன பார்த்தாய், தம்பி?"

"நாலாவது பாட்டு முடிந்ததும் ஓரத்திலிருந்து ஒருத்தர் வந்தார், சார். வாசித்தவரின் கிட்டாரை வாங்கிக்கொண்டு, சுருதி இறக்கி வைத்திருந்த வேறொன்றைக் கொடுத்தார். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது."

அத்தனை பேரும் வாசித்தவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இவன் கண் போன இடம் அது. வீட்டிலும் பழைய கிட்டாரைக் கழற்றிக் கழற்றி மாட்டுவானாம். அதை அம்மா ஒரு குறையாகத்தான் சொன்னார். எனக்கு மதிப்பெண் பட்டியலைவிட அது அதிகம் சொன்னது.

அவன் பார்த்தது ஒரு தொழில். கிட்டார் டெக்னீஷியன் என்பார்கள். பாடகர் உள்ள குழுவில் சுருதி கொஞ்சம் பிசகினால் குரல் மறைத்துவிடும். கிட்டாரே குரலாக இருக்கும் மேடையில் மறைக்க எதுவும் இல்லை. ஆறு கம்பிகளும் சேர்ந்து கிட்டாரின் கழுத்தை ஏறக்குறைய 45 கிலோ விசையில் இழுக்கின்றன. அதை எதிர்த்து நிற்க உள்ளே ஓர் இரும்புக் கம்பி, ட்ரஸ் ராடு. அதைக் கால் சுற்று திருப்பினாலே கழுத்தின் வளைவு மாறும். கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டுகளை ஃபிரெட் என்பார்கள்; 12-ஆம் ஃபிரெட்டில் கம்பியின் உயரம் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர் கூடினால்கூட விரல் உணர்ந்துவிடும். சில கிட்டார்களில் கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜ், ஸ்பிரிங்கின் பலத்தில் மிதந்துகொண்டிருக்கும். அதில் ஒரு கம்பி அறுந்தால் மற்ற ஐந்தும் சுருதி ஏறிப்போகும். அதனால்தான் இன்னொரு கிட்டார் ஓரத்தில் தயாராக நிற்கிறது.

நம் ஊரில் இந்தக் கைக்கு வேலை குறைவில்லை. டர்பனின் உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிக்கும், ஈரப்பதத்தில் கழுத்து வளையும். திருமணக் குழு, தேவாலயக் குழு, கோயில் விழா மேடை என்று எங்கு வாசிக்கிற கிட்டாரும் ஒருநாள் பட்டறைக்கு வந்துதான் தீரும். தேய்ந்த ஃபிரெட்டைச் சமன்செய்வது, கழுத்தின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் நட்டில் காடி அறுப்பது, கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் பிக்கப்புக்கு ஈயம் பற்றவைப்பது எல்லாம் பழகப் பழக வரும். ஒலியைப் பெருக்கும் ஆம்ப் பெட்டியை மட்டும் தனியாகத் தொடக்கூடாது. வால்வ் ஆம்பில் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் மின்சாரத்தைத் தேக்கும் கெப்பாசிட்டரில் உயிரை எடுக்கும் வோல்ட் தேங்கியிருக்கலாம். அதை முறையாகப் படிக்க வேண்டும்.

படிக்க இடம் இருக்கிறது. டிவெட் எனப்படும் அரசு தொழிற்கல்விக் கல்லூரியில் மின்பொறியியல் பிரிவு, என்4 முதல் என்6 வரையான படிநிலைகள். இண்டஸ்ட்ரியல் எலெக்ட்ரானிக்ஸ் அதில் ஒரு பாடம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ராண்டுக்குள் இருந்தால் என்எஸ்ஃபாஸ் என்ற அரசு மாணவர் நிதியுதவிக்கு விண்ணப்பிக்கலாம். பாண்ட் எதற்கு?

அப்படியானால் வாசிப்பதை விட்டுவிட வேண்டுமா என்று பையன் கேட்டான். விடவே கூடாது என்றேன். நன்றாக வாசிக்கத் தெரிந்தவனுக்குத்தான் கிட்டாரின் குறை கையிலேயே தெரியும். கருவியிசை ராக் கிட்டார் கலைஞர் ஜோ சட்ரியானி மேடையில் பெயர் வாங்குமுன் ஆண்டுக்கணக்கில் கிட்டார் சொல்லிக்கொடுத்தார். இன்னொரு பெரிய கிட்டார் கலைஞர் ஸ்டீவ் வாய் அவரிடம் படித்தவர். நம் ஜோஹானஸ்பர்க்கில் பிறந்த ட்ரெவர் ரேபின் பிறருக்காக ஸ்டூடியோவில் வாசித்தார், ராபிட் என்ற ராக் குழுவில் இருந்தார், பிறகு இங்கிலாந்தின் யெஸ் குழு, அதன்பின் ஹாலிவுட் படங்களுக்கு இசை. பெரும்பாலும் கருவியிசையே கொண்ட ஜக்கராண்டா ஆல்பத்தை 2012-இல் வெளியிட்டபோது அவருக்கு வயது 58. ஒரே சம்பளத்தில் ஓடிய வாழ்க்கைகள் அல்ல இவை.

அம்மாவிடம் இன்னொன்றும் கண்டிப்பாகச் சொன்னேன். பரிவு மேலிட்டுப் புது கிட்டாரோ பெரிய ஆம்போ வாங்கிக் கொடுக்காதீர்கள். உடைந்த பழைய கிட்டார் ஒன்று, ட்யூனர், சோல்டரிங் அயர்ன், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ், மின்சாரம் அளக்கும் மல்ட்டிமீட்டர் போதும். ஜூலை விடுமுறையில் பழுதுபார்க்கும் கடை எதிலாவது பெருக்கித் துடைக்கவாவது நிற்கட்டும். இரண்டு வாரம் கழித்தும் விடியற்காலையில் எழுந்து போகிறானா என்று பாருங்கள். போகவில்லையென்றால் என்னிடம் திரும்ப வாருங்கள், வேறு பேசுவோம்.

அப்பா தொழிற்சாலையில் எலெக்ட்ரீஷியன். அதுவரை வாயே திறக்காதவர், என் பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டு, "மல்ட்டிமீட்டர் வீட்டில் இருக்கிறது, சார்" என்றார்.