விளிம்பில் பெயர் மட்டும்தான் இருக்கிறது, அசல் பதக்கமா?

கேள்வி: என் கணவரின் கொள்ளுத்தாத்தா முதல் உலகப் போரில், 1918-ல் 'லாண்டவரி காசில்' மருத்துவமனைக் கப்பலில் கரி அள்ளிப் போடும் வேலையில் இருந்து, அதோடு கடலில் போனவர். மாமியார் கொடுத்த டப்பாவில் ஒரு வெள்ளிப் பதக்கம், ஒரு வெண்கலப் பதக்கம், கையகல வெண்கலத் தகடு ஒன்று இருக்கின்றன. மூன்று பதக்கம் இருக்க வேண்டும் என்கிறார்கள். ஒன்று தொலைந்துவிட்டதா? விளிம்பில் எண்ணும் இல்லை, கப்பல் பெயரும் இல்லை.
(லண்டன் வாசகி)

பதில்: எதுவும் தொலையவில்லை, சகோதரி. மூன்று என்பது ராணுவக் கணக்கு. வணிகக் கப்பல் மாலுமிக்குப் பொதுவாக இரண்டுதான்: பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் வெள்ளியில், வணிகக் கடற்படைப் போர்ப் பதக்கம் வெண்கலத்தில். இரண்டையும் கொடுத்தது பிரிட்டனின் வர்த்தக வாரியம்.

வெண்கலப் பதக்கத்தின் பின்பக்கத்தை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கொந்தளிக்கும் கடலில் ஒரு நீராவிக் கப்பல், அதன் முன்னே மூழ்கும் நீர்மூழ்கி. ரிப்பனின் பச்சையும் சிவப்பும் கப்பலின் வலது, இடது விளக்குகள். நடுவே வெள்ளைக் கோடு பாய்மரத்து விளக்கு.

விளிம்பைப் பற்றிக் கவலை வேண்டாம். ராணுவப் பதக்கத்தில் எண், பதவி, படைப்பிரிவு எல்லாம் இருக்கும். மாலுமிக்கு முழுப் பெயர் மட்டுமே பொறித்தார்கள். ஆனால் இதில்தான் சிக்கல்: அதே பெயரில் பத்து மாலுமிகள் இருந்திருக்கலாம். அதனால் காகிதச் சான்று அவசியம். 1913 முதல் 1918 வரையிலான மாலுமிப் பதிவேடு அழிந்துபோனது. மிஞ்சியிருப்பதில் முக்கியமானது, லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பதக்க அட்டைகள் (பி.டி. 351 வரிசை). இணையத்திலேயே தேடலாம். அட்டையில் பிறந்த ஊரையும் ஆண்டையும் பாருங்கள். அப்புறம் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் அவர் பெயரை எடுங்கள். பல மாலுமிகளுக்கு வயது, பெற்றோர், பிறந்த ஊர் அதில் உண்டு. இரண்டும் பொருந்தினால் சந்தேகம் தீர்ந்தது.

அந்தக் கையகலத் தகட்டை லேசாக நினைக்காதீர்கள். போரில் இறந்தவரின் குடும்பத்துக்குத் தந்த நினைவுத் தகடு அது. அதிலும் பதவி கிடையாது. அதிகாரிக்கும் கரி அள்ளுபவருக்கும் ஒரே மாதிரிதான். எனக்கு அதில் மிகவும் பிடித்தது அதுதான்.

1918 ஜூன் 27 இரவு, ஹாலிஃபாக்ஸிலிருந்து லிவர்பூல் திரும்பும் வழியில், அயர்லாந்துக்குத் தெற்கே ஜெர்மனியின் யு-86 நீர்மூழ்கி அந்தக் கப்பலைத் தாக்கியது. இருந்த 258 பேரில் பிழைத்தவர்கள் 24 பேர், எல்லோரும் ஒரே படகில் வந்தவர்கள். இறந்த 14 கனடிய நர்ஸுகளின் பெயர்கள் ஹாலிஃபாக்ஸ் நினைவிடத்தில் உள்ளன. மாலுமிகளுக்கு உங்கள் ஊரிலேயே, டவர் ஹில்லில். அங்கே கப்பல் வாரியாக வெண்கலப் பலகைகள் இருக்கும். கப்பல் பெயரின் கீழ் அவரைத் தேடுங்கள்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: நம் வீட்டுப் பித்தளைக் குத்துவிளக்கைப் போல இவற்றைப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், பாலிஷும் வேண்டாம். தேய்த்தால் விளிம்பிலுள்ள எழுத்தும் மழுங்கிப்போகும். ரிப்பன் நைந்திருந்தாலும் மாற்ற வேண்டாம். அட்டையின் நகலோடு மூன்றையும் ஒரே டப்பாவில் வையுங்கள், பிரித்து யாருக்கும் கொடுக்காதீர்கள்.