புரதத்தக் கொறச்சா பன்னி எடை நின்னுருமா?

கேள்வி: டாக்டர் சார், தேவிபட்டினம் பக்கம் கொட்டகை போட்டு வெண்பன்னி வளக்குறேன், எல்லாம் 60 கிலோ தாண்டிருச்சு. சீக்கிரம் எடை ஏறணும்னு கடலைப் புண்ணாக்கும் கருவாட்டுத் தூளும் தாராளமா போடுறேன். ஆனா கொட்டகைக்குள்ள போனாலே கண்ணு எரியுது, தண்ணியும் ரொம்பக் குடிக்குது, இங்க நல்ல தண்ணி லாரிலதான் காசு குடுத்து வாங்குறோம். புரதத்தக் கொறைக்கச் சொல்றாங்க, கொறச்சா எடை நின்னுராதா?

பதில்: தம்பி, கண்ணு எரியுறது அமோனியாவால. தேவைக்கு மேல போற புரதம் சதையா மாறாது, ஈரல் அத யூரியாவாக்கி மூத்திரத்துல தள்ளிரும், அது சாணத்தோட சேந்ததும் அந்த நெடி கெளம்பும். யூரியாவ வெளிய தள்ளத்தான் அவ்ளோ தண்ணி கேக்குது, கருவாட்டு உப்பு வேற. நம்ம பக்கத்து வெயிலுக்கு இன்னொரு தொந்தரவு, கூடுதல் புரதம் செரிக்கையில ஒடம்புல சூடு கூடும், சூடு கூடுனா பன்னி தீனி எடுக்காது.

சும்மா புண்ணாக்க மட்டும் கொறச்சா எடை நின்னுரும், உங்க பயம் சரிதான். பன்னிக்கு வேண்டியது புரதத்துக்குள்ள இருக்குற அமினோ அமிலங்க, அதுங்க சேந்துதான் சதையாகும், அதுல மொதல்ல பத்தாமப் போறது லைசின். டிரைவர் வராத போட்டுல எத்தன பேரு ஏறுனாலும் கடலுக்குப் போக முடியாதுல்ல, அப்படித்தான் லைசின் கொறஞ்சா மத்ததெல்லாம் வீணாப் போயிரும். கடலைப் புண்ணாக்குல அது கம்மி, சோயாப் புண்ணாக்குதான் தேவல.

100 கிலோ சோயா-மக்காச்சோளத் தீவனத்துல 8 கிலோ சோயாவ எடுத்துட்டு மக்காச்சோளம் போட்டா புரதம் 18 சதவீதத்துலருந்து 15க்கு வந்துரும், கூடவே லைசினும் 200 கிராம் போல கொறையும். அத ஈடுகட்ட 78 சதவீத லைசின் பொடி 260 கிராம் கலக்கணும். புரதம் ஒரு சதவீதம் கொறஞ்சா அமோனியா பத்துல ஒரு பங்கு போல கொறையும். இதுக்கு மேலயும் எறக்குனா த்ரியோனைன், மெத்தியோனைன், ட்ரிப்டோபேன்னு மத்த அமினோ அமிலங்களும் பத்தாமப் போயிரும், அதனால நாமக்கல் கால்நடைக் கல்லூரித் தீவன ஆய்வகத்துல உங்க தீவனத்தச் சோதிச்சுட்டு அளவு கேட்டுக்குங்க. மக்காச்சோளம் கூடுறதால கொழுப்பு கட்டலாம், தீனிய அளந்தே போடுங்க.

கருவாட்டுத் தூள மட்டும் இப்பவே நிறுத்திருங்க. கறில மீன் வாடை அடிக்கும்ங்கிறது ஒரு பக்கம், தண்ணி லாரி ஒரு நாள் வராமப் போனா அந்த உப்பே வலிப்பு வரவச்சு பன்னியக் கொன்னுரும். அப்படித் தண்ணியில்லாமக் கெடந்த பன்னிக்கு ஒரேயடியா தண்ணி காட்டிராதீங்க, கொஞ்சங் கொஞ்சமாக் குடுங்க.