பரதம் மட்டுமே கற்ற மகளுக்கு அமெரிக்கக் கல்லூரியில் நடனப் படிப்பு கிடைக்குமா?

நியூ ஜெர்சியின் எடிசனுக்கு வந்து ஒரு வருஷம் ஆகிறது, மகள் பதினோராம் வகுப்பு, சென்னையிலேயே அரங்கேற்றம் முடித்தவள், கல்லூரியில் நடனம்தான் படிப்பேன் என்று நிற்கிறாள், பாலே ஒரு நாள்கூடக் கற்றதில்லை, மகளுக்கு எச்-4 விசா (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்குத் தருவது), ஆடிஷனில் எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். என் மகள் இங்கே நடனத்தில் பட்டம் வாங்கியவள் என்பதால் தெரிந்ததை எழுதுகிறேன் தோழி.

எடுத்துக்கொள்வார்கள். ஆனால் எந்தப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பி.எஃப்.ஏ. (நுண்கலை இளங்கலைப் பட்டம்) என்றால் பெரும்பாலும் நடனம், நாள் முழுக்க ஸ்டுடியோ. ஆடிஷனில் பாலேயும் மாடர்ன் நடனமும் பார்ப்பார்கள். நியூயார்க்கின் பேர்பெற்ற கலைக் கல்லூரியான ஜூலியார்டில் ஆண்டுக்குச் சுமார் 24 பேர்தான், அதற்கு மூன்று வயதிலிருந்து பாலே ஆடிய பிள்ளைகள் வந்து நிற்கும். உங்களுக்குப் பக்கத்தில், நியூ பிரன்ஸ்விக்கில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் மேசன் கிராஸ் கலைப் பள்ளியிலும் பி.எஃப்.ஏ. இருக்கிறது, அதற்கும் ஆடிஷன் உண்டு. பி.ஏ. என்றால் நடனத்தோடு வேறு பாடங்களும் படிக்கலாம், இரண்டாவது மேஜர் (முதன்மைப் பாடம்) எடுக்கலாம், பல இடங்களில் சேர ஆடிஷனே கிடையாது.

ஆடிஷன் என்றதும் நாம் நினைப்பது, மேடையில் ஒரு உருப்படியை ஆடிக்காட்டுவதும் எதிரே நடுவர்கள் உட்கார்ந்து மார்க் போடுவதும்தான். இங்கே அப்படி இல்லை. அது ஒரு வகுப்பு. நெஞ்சில் ஒரு நம்பரைப் பின் குத்தி அனுப்புவார்கள். முதலில் சுவரோரக் கம்பியைப் பிடித்துச் செய்யும் பாலே பயிற்சி, அப்புறம் கம்பி இல்லாமல் அறை நடுவில், அப்புறம் மூலையிலிருந்து மூலைக்கு இரண்டிரண்டு பேராக. ஆசிரியர் ஒரு கோர்வையை ஒரு தடவை, மிஞ்சிப்போனால் இரண்டு தடவை காட்டுவார், உடனே ஆட வேண்டும், நடுவில் வரிசையை மாற்றிப் பின்னால் இருந்தவர்களை முன்னால் கொண்டுவருவார்கள். ஒரு திருத்தம் சொன்னால் அடுத்த தடவை அந்தத் திருத்தம் உடம்பில் தெரிகிறதா என்று பார்ப்பார்கள், அதைத்தான் முக்கியமாகப் பார்க்கிறார்கள் என்பது என் எண்ணம். சில இடங்களில் பாலே முடிந்ததுமே நம்பர்களை வாசிப்பார்கள், நம்பர் வராதவர்கள் பையை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். தனி ஆட்டம் ஒன்றரை, இரண்டு நிமிஷம், அதுவும் கடைசியில்தான் வரும்.

பரதம் ஆடிய பிள்ளைக்கு இதில் நல்லதும் உண்டு, சிக்கலும் உண்டு. அரைமண்டியில் உட்கார்ந்து பழகிய தொடை வெளிப்பக்கம் திரும்பும், பாலேக்கும் அது வேண்டும். தாளம் ரத்தத்தில் இருக்கும், மாடர்ன் வகுப்பில் ஐந்து எண்ணிக்கை, ஏழு எண்ணிக்கை என்று வரும்போது மற்ற பிள்ளைகள் முழிப்பார்கள், ஏழு எண்ணிக்கையில் மிஸ்ர சாபு தாளம் போட்டவளுக்கு அது ஒரு விஷயமே இல்லை. ஆனால் காலைத் தட்டித் தட்டிப் பழகியவளுக்குச் சத்தமில்லாமல் குதித்து இறங்க வராது, தரையில் உருளவும் முதுகை வளைத்து விடவும் கூச்சப்படுவாள். உடம்போடு ஒட்டிய லியோடார்டும் டைட்ஸும் போட்டு ஒரு அறை நிறைய ஆட்கள் முன்னால் நிற்கும் கூச்சம் வேறு, அதை ஆடிஷன் அன்றுதான் முதல் தடவை அனுபவிக்கக் கூடாது. இந்தக் கோடையிலேயே பக்கத்து ஸ்டுடியோவில் தொடக்கநிலை பாலே ஒன்று, மாடர்ன் ஒன்று சேர்த்துவிடுங்கள். எட்டு வயசுப் பிள்ளைகளோடு நிற்க வேண்டிவந்தால் நிற்கட்டும், பெரியவர்களுக்கான தொடக்கநிலை வகுப்பும் பல இடங்களில் உண்டு.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், ஒரே வருஷத்தில் பாலே கற்று பி.எஃப்.ஏ.வைத் துரத்துவதைவிட, அவள் பரதத்துக்கே மதிப்பு இருக்கும் பி.ஏ.க்களை முதலில் பாருங்கள். கனெக்டிகட்டில் வெஸ்லியன் பல்கலைக்கழகம், பரதக் கலைஞர் பாலசரஸ்வதி அம்மா 1960களில் வந்து கற்றுக்கொடுத்த இடம். அவர் தம்பி விஸ்வநாதன் பல வருஷம் அங்கே கர்நாடக இசை சொல்லிக்கொடுத்தார். பரதம் அங்கே நடனத் துறையிலேயே பாடம், நவராத்திரி விழாவும் நடக்கும். எடிசனிலிருந்து காரில் போய் வரும் தூரம்தான், ஆனால் படிப்பில் நல்ல மார்க் இல்லாமல் உள்ளே போக முடியாது. லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகமான யு.சி.எல்.ஏ.வின் உலகக் கலைகள், பண்பாடுகள் மற்றும் நடனத் துறையும் பல நாட்டு மரபுகளுக்கு இடம் கொடுப்பது, தூரமும் வெளிமாநிலக் கட்டணமும்தான் யோசிக்க வைக்கும். கல்லூரிகளில் இருக்கும் பாலிவுட், ஃபியூஷன் டீம்களைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது கிளப், படிப்பு இல்லை.

இப்போது விசா. எச்-4 பிள்ளைக்கு மத்திய அரசின் கல்வி உதவி கிடையாது, பெரும்பாலும் கல்லூரி தன் பணத்தில் தருவதைத்தான் நம்ப வேண்டும். உள்மாநிலத்தவருக்கான குறைந்த கட்டணம் உங்களுக்குப் பொருந்துமா என்று ஒவ்வொரு கல்லூரியிடமும் மின்னஞ்சலில் கேட்டு பதிலைப் பத்திரமாக வையுங்கள். 21 வயதானால் எச்-4 முடிந்துவிடும், படிப்பின் நடுவில் மாணவர் விசாவான எஃப்-1க்கு மாற வேண்டிவரும். எஃப்-1இல் படிப்பு முடித்தால் வேலை பார்க்கத் தரும் அனுமதி (ஓ.பி.டி.) ஒரு வருஷம்தான், கம்ப்யூட்டர் படித்தவர்களுக்குக் கிடைக்கும் கூடுதல் இரண்டு வருஷம் நடனத்துக்கு இல்லை. இரண்டாவது மேஜர் என்று நான் சொல்வது இதற்காகத்தான், "டான்ஸ் படிச்சு என்ன பண்ணப் போறா" என்று கேட்கும் அத்தைமார்களுக்காக இல்லை.

இன்னொன்று, கல்லூரியின் பண நிலைமையையும் விசாரியுங்கள். பிலடெல்பியாவில் நடனத் துறையும் இருந்த யுனிவர்சிட்டி ஆஃப் தி ஆர்ட்ஸ், 2024 ஜூனில் ஒரே வாரத்தில் சொல்லி மூடிவிட்டது, பிள்ளைகள் வேறு இடம் தேடி அலைந்தார்கள்.

தேதிகள்: விண்ணப்பங்கள் பல இடங்களில் நவம்பர், டிசம்பரிலேயே முடிந்துவிடும், ஜூலியார்டுக்கு டிசம்பர் 1. நேரடி ஆடிஷன்கள் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. படிப்புக்கான விண்ணப்பம் தனி, நடனத்துக்கான விண்ணப்பம் தனி, இரண்டுக்கும் கட்டணமும் தனித்தனியாக வரலாம். வீடியோ கேட்டால் அரங்கேற்ற வீடியோவை வெட்டி அனுப்பாதீர்கள். கேமரா எங்கேயோ பின்னால் இருக்கும், விளக்கும் நகையும்தான் தெரியும், முத்தாய்ப்பு வரும் நேரத்தில் முகத்துக்கு ஜூம் போட்டுக் காலை வெட்டியிருப்பார்கள். தில்லானாவிலோ வர்ணத்தின் ஒரு தீர்மானத்திலோ (ஜதிக் கோர்வையை முடிக்கும் அடவுத் தொடர்) இரண்டு நிமிஷம் எடுத்து, பயிற்சிப் புடவையில், வெறும் சுவர் முன்னால், தலை முதல் பாதம் வரை தெரிகிற மாதிரி ஒரே ஷாட்டில் எடுங்கள். செல்போன் போதும், அசையாமல் வைக்க ஒரு ஸ்டாண்ட் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.